வி.எம்.எஸ். வாங்கியாயிற்று, இரவு ஷிஃப்டுக்கு நர்ஸ் இல்லை: எங்கே இடிக்கிறது?

கேள்வி: 3 மார்ச் 2025, காலை 8:10

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் வெளி ஊழியர் பிரிவில் இருக்கிறேன். டிராவல் நர்ஸ்களை (சில வார ஒப்பந்தத்தில் வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்கள்) ஏஜென்சிகள் வழியாக எடுப்பதற்காக வி.எம்.எஸ். (வெண்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்ற மென்பொருளை வாங்கினோம். ஏஜென்சிகளின் எண்ணிக்கை மூன்று மடங்கானது, டாஷ்போர்டு கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஐசியூ இரவு இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. ஏஜென்சிகளுக்கு மெத்தனம் என்கிறது நிர்வாகம். மென்பொருளை மாற்றிவிடலாம் என்கிறார் என் மேலதிகாரி. நல்ல வி.எம்.எஸ். என்பதற்கு உண்மையில் என்ன அடையாளம்?

3 மார்ச், இரவு 9:40

மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அந்த ஐசியூ ரெக்குக்கு (ஆள் கேட்டு மருத்துவமனை போடும் கோரிக்கை) வந்த முதல் சப்மிட்டலை (ஏஜென்சி அனுப்பும் நர்ஸின் கோப்பு) உங்கள் நர்ஸ் மேனேஜர் எப்போது திறந்தார்? பெரும்பாலான வி.எம்.எஸ்.களில் அந்த நேரம் பதிவாகியிருக்கும். மணிக்கணக்கில் இருந்தால் பிழைத்தீர்கள். நாள்கணக்கில் இருந்தால் புது மென்பொருளும் இதே கதைதான்.

நான் பல வருடம் ஏஜென்சி பக்கத்தில் சப்மிட்டல் டீமில் இருந்தவன். இப்போது மருத்துவமனைகளில் வி.எம்.எஸ். நிறுவிக் கொடுக்கும் பக்கம். ஏஜென்சி நாற்காலியிலிருந்து பார்த்தால் காட்சியே வேறு. ரெக்ரூட்டர் கணினியைத் திறந்ததும் நாலைந்து வி.எம்.எஸ்.களிலிருந்து நூற்றுக்கணக்கில் ரெக் வந்து விழுந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஆள் தேட யாராலும் முடியாது. எது நிஜமான இடம், எங்கே அனுப்பினால் பதில் வரும், எந்த மருத்துவமனை வேலை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கான்சல் செய்யும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கையில் ஒரு நல்ல ஐசியூ நர்ஸ் இருந்தால் அந்தப் பெண்ணின் கோப்பு முதலில் போவது பதில் வரும் இடத்துக்கு. மிச்சம் மீதி மற்றவர்களுக்கு.

மருத்துவமனை தான் வெண்டரை, அதாவது ஏஜென்சியை, மேனேஜ் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் வெண்டர் உட்கார்ந்து மருத்துவமனைக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல ஆள் கிடைத்ததும் ஏஜென்சிக்கு உங்கள் பெயர் முதலில் நினைவுக்கு வருகிறதா? வி.எம்.எஸ்.ஸை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். டாஷ்போர்டு அப்புறம்.

3 மார்ச், இரவு 10:25

வி.எம்.எஸ்.ஸும் எம்.எஸ்.பி.யும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வி.எம்.எஸ். மென்பொருள்: ரெக் போடுவது, சப்மிட்டல் வாங்குவது, சான்றுகளைச் சரிபார்ப்பது, டைம்ஷீட், கடைசியில் ஒருங்கிணைந்த இன்வாய்ஸ். எம்.எஸ்.பி. (மேனேஜ்டு சர்வீஸ் புரொவைடர்) அந்த மென்பொருளை உட்கார்ந்து ஓட்டும் ஆட்கள். அந்த ஆட்கள் எல்லா ஏஜென்சியையும் சமமாக நடத்தினால் வெண்டர் நியூட்ரல். தங்கள் சொந்த நர்ஸ்களை முதலில் அனுப்பி, முடியாததை மட்டும் மற்ற ஏஜென்சிகளுக்குத் தள்ளினால் மாஸ்டர் வெண்டர்.

4 மார்ச், இரவு 11:15

ரெக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் முதல் பொய் அங்கேதான்.

ஒரு வழக்கமான ரெக்: ஐசியூ, இரவு 7 முதல் காலை 7:30, வாரம் 36 மணி, 13 வாரம், 2 வருட அனுபவம், பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (அடிப்படை, உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள்). படித்தால் எல்லாம் இருப்பதுபோல்தான் தெரியும். நர்ஸ் ரெக்ரூட்டரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுக்குக்கூட அதில் பதில் இருக்காது. ஐசியூ என்றால் எந்த ஐசியூ, இதய அறுவைக்குப் பிந்தையதா, நரம்பியலா, பொதுவா? தொடர் டயாலிசிஸ் மெஷின் கையாள வேண்டுமா? ஆள் அதிகமானால் எந்த யூனிட்டுக்கு ஃப்ளோட் செய்வார்கள் (மாற்றி அனுப்புவார்கள்)? நோயாளி பதிவு மென்பொருள் எபிக்கா, சர்னரா? 36 மணி உத்தரவாதமா, சென்சஸ் (நோயாளி எண்ணிக்கை) இறங்கினால் ஒரு ஷிஃப்டை வெட்டுவார்களா? வார இறுதி எத்தனை?

இதெல்லாம் ஏன் இல்லை? ரெக் போடும் திரையில் 'காப்பி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. போன வருடத்து ரெக்கை எடுத்து தேதியை மட்டும் மாற்றி விட்டுவிடுகிறார்கள். போன வருடத்து மேனேஜர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர் எழுதிய நிபந்தனை மட்டும் உயிரோடு இருக்கும். ஒரு குழுமத்தில் மூடப்பட்ட யூனிட்டின் பெயரில் ரெக் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தோம், அவர்கள் வாயே திறக்கவில்லை.

இன்னொரு வகை, ஆவி ரெக். இடம் உள்ளுக்குள் நிரம்பியிருக்கும், வி.எம்.எஸ்.ஸில் மூட யாருக்கும் தோன்றியிருக்காது. இதற்கு மருந்து எளிது. குறிப்பிட்ட நாளுக்குள் மேனேஜர் 'இன்னும் தேவை' என்று சொல்லாவிட்டால் ரெக் தானாக மூடிக்கொள்ள வேண்டும். இந்த வசதி பல மென்பொருளில் இருக்கிறது, அணைத்து வைத்திருப்பார்கள். திறந்திருக்கும் ரெக் எண்ணிக்கை குறைந்தால் நிர்வாகம் பட்ஜெட்டை வெட்டிவிடும் என்ற பயம்.

5 மார்ச், காலை 7:05

நேற்று விட்டுப்போனது: கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மேனேஜர் ரெக் போடுகிறார், டைரக்டர் பார்க்க வேண்டும், நிதிப் பிரிவு பார்க்க வேண்டும், அப்புறம் வாரம் ஒருமுறை கூடும் ஒரு கமிட்டி. அதெல்லாம் முடிந்து ஏஜென்சிக்கு வெளியான நொடியிலிருந்துதான் பல ரிப்போர்ட்டுகளில் 'நிரப்ப ஆன நாள்' எண்ணப்படுகிறது. உள்ளே ஊறிய நாள் கணக்கிலேயே இல்லை. பழி முழுக்க வெண்டர் தலையில்.

5 மார்ச், இரவு 9:50

"இதெல்லாம் மனிதர்களின் சோம்பல், மென்பொருள் என்ன செய்யும்?" என்று ஒரு நர்ஸ் மேனேஜர் சற்றுக் காட்டமாகவே எழுதியிருக்கிறார். சோம்பல் என்று நான் சொல்லவில்லை. யூனிட்டில் ஆள் பற்றாக்குறை என்றால் அந்த மேனேஜரே கவுன் மாட்டிக்கொண்டு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மேசைக்கு வரும்போது நாற்பது புரொஃபைல் காத்திருந்தால் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார். நானாக இருந்தாலும் திறக்க மாட்டேன்.

மென்பொருள் செய்யக்கூடியது இங்கேதான். ஒரு ஏஜென்சி ஒரு ரெக்குக்கு இரண்டு பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வையுங்கள். இருப்பதில் சிறந்த இரண்டைத்தான் அனுப்புவார்கள். மொத்தம் இத்தனை வந்ததும் ரெக் தற்காலிகமாக நிற்கட்டும். பார்த்து முடித்தால் மறுபடி திறக்கட்டும். வேண்டாம் என்றால் காரணம் சொல்லாமல் தள்ள முடியாதபடி செய்யுங்கள், அதிலும் 'மற்றவை' என்ற காரணத்தை எடுத்துவிடுங்கள். 'மற்றவை' இருந்தால் எல்லாமே மற்றவைதான். "தொடர் டயாலிசிஸ் அனுபவம் இல்லை" என்று ஒருமுறை பதில் போனால் அடுத்த வாரம் அந்த அனுபவத்தோடு ஆள் வருவார். பதிலே போகாவிட்டால் அது கிணற்றில் போட்ட கல்.

இரட்டைச் சப்மிட்டல் பற்றியும் விதி வேண்டும். ஒரே நர்ஸை இரண்டு ஏஜென்சிகள் அனுப்பும். முதலில் வந்த நேரமுத்திரை ஜெயிக்குமா, நர்ஸ் கையெழுத்திட்ட ஒப்புதல் ஜெயிக்குமா? முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் சண்டையில் நடுவே மாட்டுவது அந்த நர்ஸ். சலித்துப்போய் இரண்டு பேருமே வேண்டாம் என்று மேனேஜர் அடுத்தவரை எடுத்துவிடுவார்.

6 மார்ச், காலை 6:40

பேட்டியே இல்லாமல் நேரடியாக ஆஃபர் கொடுக்கும் முறையைப் பற்றிக் கேட்டவருக்கு: பொது வார்டு, டெலிமெட்ரி (இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வார்டு) மாதிரி இடங்களுக்கு நன்றாக ஓடும். கேள்விப் பட்டியல் தெளிவாக இருந்தால் மேனேஜர் தொலைபேசியில் கேட்கப்போவதும் அதைத்தான். பச்சிளங்குழந்தை ஐசியூ, அறுவை அரங்கு பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே திறன் பட்டியலில் டிக் போட்டிருப்பதற்கும் கையில் வித்தை இருப்பதற்கும் தூரம் அதிகம். பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்.

7 மார்ச், இரவு 11:30

கிரெடென்ஷியலிங், அதாவது சான்றுகளைச் சரிபார்ப்பது. இது நீளும், என் பாதி வாழ்க்கை இதில்தான் போயிற்று.

ஒரு டிராவல் நர்ஸ் முதல் ஷிஃப்ட் ஏறுவதற்கு முன் போக வேண்டிய காகிதம்: மாநில உரிமம், பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (இரண்டு வருடத்தில் காலாவதி), காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை நோயெதிர்ப்புச் சான்றுகள், என்95 மாஸ்க் பொருத்தச் சோதனை, போதைப்பொருள் பரிசோதனை, குற்றப்பின்னணி விசாரணை, மருத்துவமனையின் சொந்தப் பயிற்சித் தேர்வுகள். அதோடு, மத்திய சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வைத்திருக்கும் விலக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் இல்லை என்ற உறுதி. அந்தப் பட்டியலில் உள்ளவரை வேலைக்கு வைத்துவிட்டு மெடிகேருக்கு (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பில் போட்டால் அபராதம். பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது, அதனால் சேரும்போது ஒருமுறை பார்த்தால் போதாது.

பெரிய ஏஜென்சிகள் பல, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷனின் ஊழியர் சேவைச் சான்றிதழ் வைத்திருக்கின்றன. 2004 முதல் இருக்கும் திட்டம் அது. அப்படியிருந்தும் ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனிப் பட்டியல். ஒன்றுக்கு மாஸ்க் சோதனை இந்த மாடலில் வேண்டும், இன்னொன்றுக்கு அந்த மாடலில். ஒன்று காசநோய்க்குத் தோல் பரிசோதனையை ஏற்கும், இன்னொன்று ரத்தப் பரிசோதனைதான் கேட்கும். மோசமான வி.எம்.எஸ்.ஸில் இந்த நிபந்தனைகள் எங்கோ ஒரு பி.டி.எஃப்.பில் இருக்கும். நாலாம் பக்கத்தில் ஒரு வரி மாறியிருக்கும், யாருக்கும் தெரியாது. வெள்ளி மாலை நாலு மணிக்கு "இந்த ஆள் திங்கள் தொடங்க முடியாது" என்று மெயில் வரும். நர்ஸ் அப்போது மூட்டை முடிச்சைக் காரில் ஏற்றி மூன்று மாநிலம் தாண்டியிருப்பார். அந்த வெள்ளி மாலைத் தொலைபேசி அழைப்பைச் செய்ய வேண்டிய ஆள் நான்தான் என்பதால் சொல்கிறேன், அதற்குப் பிறகு அந்த நர்ஸ் அந்த மருத்துவமனைப் பெயரைக் காதில் வாங்கமாட்டார். தோழிகளுக்கும் சொல்லிவிடுவார்.

நல்ல வி.எம்.எஸ்.ஸில் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனி உருப்படி. எந்த யூனிட்டுக்கு, எத்தனை நாள் செல்லும், யார் பார்த்து ஒப்புக்கொண்டார், எல்லாம் அதனோடு ஒட்டியிருக்கும். நிபந்தனை மாறினால் ஏற்கெனவே வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் உடனே தெரியும். ஒப்பந்தத்தின் நடுவே காலாவதி ஆகப்போவது ஆஃபர் கொடுக்கும்போதே மஞ்சளாகத் தெரியும். ஏ.சி.எல்.எஸ். எட்டாம் வாரத்தில் முடிகிறது என்றால் அது முதல் நாளே தெரிந்த விஷயம்தானே, எட்டாம் வாரம் மாலை 6:30க்கு ஏன் திடுக்கிட வேண்டும்?

உரிமம் பற்றி. பல மாநிலங்களுக்கு ஒரே உரிமம் செல்லும் நர்ஸ் காம்பாக்ட், திருத்திய வடிவில் 19 ஜனவரி 2018 முதல் நடப்பில் இருக்கிறது. கலிஃபோர்னியா அதில் இல்லை. 'காம்பாக்ட் உரிமம் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு பச்சை விளக்கு காட்டும் மென்பொருள் அங்கே கவிழ்த்துவிடும். நிரந்தர வசிப்பிடம் வேறு மாநிலத்துக்கு மாறினாலும் சிக்கல்தான், உரிமம் வசிப்பிடத்தோடு கட்டப்பட்டது. நர்சிஸ் தளம் மாநில நர்ஸ் வாரியங்களின் தகவலை நேரடியாகக் காட்டுகிறது, நிலைமை மாறினால் அறிவிக்கும் இலவச வசதியும் உண்டு. வி.எம்.எஸ். அதோடு இணைந்திருக்கிறதா, அல்லது ஏஜென்சி ஏற்றிய ஸ்கிரீன்ஷாட்டை நம்புகிறதா என்று கேளுங்கள்.

8 மார்ச், மதியம் 1:20

"எல்லாம் தானியங்கியானால் மோசடி நின்றுவிடும்" என்று எழுதியவருக்கு. 2023 ஜனவரியில் வெளிவந்த ஆபரேஷன் நைட்டிங்கேல் வழக்கைத் தேடிப் பாருங்கள். ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டதாக அரசு சொன்னது, 25 பேர் மீது குற்றச்சாட்டு. அதை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் தேசிய உரிமத் தேர்வை நிஜமாகவே எழுதித் தேறி, நிஜமான உரிமமே பெற்றார்கள். உரிமத்தை மூலத்திலேயே சரிபார்த்த மென்பொருள்கூடப் பச்சைதான் காட்டியிருக்கும். பச்சை டிக்குக்கு அர்த்தம், கேட்ட கேள்விக்குப் பதில் சரி என்பது மட்டும். பள்ளியின் பெயரையும் படித்த வருடத்தையும் தேடக்கூடிய தனிப் புலமாக வைத்திருந்தவர்கள் அந்த வாரம் ஒரு மணி நேரத்தில் பட்டியல் எடுத்துவிடலாம். ரெஸ்யூமே பி.டி.எஃப்.பாக மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டியதுதான்.

10 மார்ச், காலை 7:30

நேற்று கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். எந்த வி.எம்.எஸ். நல்லது என்று சோதிக்க வருடத்தில் இரண்டு நாள் இயற்கையாக அமைகிறது, அதில் ஒன்று இது.

சனிக்கிழமை மாலை 7க்கு ஏறி ஞாயிறு காலை 7:30க்கு இறங்கிய நர்ஸ். கடிகாரப்படி பன்னிரண்டரை மணி. உண்மையில் பதினொன்றரை. சாப்பாட்டு அரைமணியைக் கழித்தால் 11. மென்பொருள் 12 என்று காட்டினால் இன்வாய்ஸ் தவறு. 11 என்று காட்டினால் அந்த வாரம் 35 மணி, ஒப்பந்தத்தில் 36 உத்தரவாதம். அந்த ஒரு மணியை யார் தருவது? ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்காது. நவம்பரில் கடிகாரத்தைப் பின்னே தள்ளும்போது தலைகீழ்: அதே ஷிஃப்ட் 13 மணி. வேலை செய்த நேரத்துக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு நாளில் 12 மணி தாண்டினால் இரட்டைக் கூலி வேறு. தப்பாகக் கணக்கிடும் மென்பொருளில் அந்த வாரம் முழுக்க டைம்ஷீட் சண்டை.

10 மார்ச், இரவு 10:10

சாப்பாட்டு அரைமணி என்றதும் மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள். சரி, அதையும் பேசிவிடலாம்.

ஐசியூவில் இரவு நிலைமை மோசமாகிறது, நர்ஸ் சாப்பிடப் போகவில்லை. மருத்துவமனையின் நேரப்பதிவு இயந்திரம் கேள்வி கேட்காமல் அரைமணியைக் கழித்துவிடுகிறது. நர்ஸ் வி.எம்.எஸ். டைம்ஷீட்டில் 12.5 என்று போடுகிறார். 'சாப்பிடவில்லை' படிவத்தில் அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் கையெழுத்து வேண்டும், அவர் காலை 7:31க்கு வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது இயந்திரத்தில் 12, டைம்ஷீட்டில் 12.5. இரண்டும் ஒத்துப்போகும்வரை அந்த வரி இன்வாய்ஸில் ஏறாது. சில அமைப்புகளில் அந்த வரி மட்டும் நிற்காமல் அந்த நர்ஸின் மொத்த வாரமும் நின்றுவிடும். ஏஜென்சியோ நர்ஸுக்கு அந்த வாரமே சம்பளம் போட்டாகிவிட்டது. அரைமணிக்காக 36 மணிப் பணம் மாதக்கணக்கில் தொங்கும்.

எனவே டெமோவில் கேட்க வேண்டியது: பிரச்சினை உள்ள அரைமணியை மட்டும் தனியாக நிறுத்திவிட்டு மிச்சத்தைப் போகவிட முடியுமா? முடியும் என்றால் அந்த ஒரு வசதிக்காகவே ஏஜென்சிகள் உங்களைத் தேடி வரும்.

11 மார்ச், காலை 6:55

நேரப்பதிவு இயந்திரத்தோடு நேரடியாக இணைத்துவிட்டால் டைம்ஷீட்டே வேண்டாமே என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இணைக்கத்தான் வேண்டும். ஆனால் 2021 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். யு.கே.ஜி. நிறுவனத்தின் நேரப்பதிவு மென்பொருளான குரோனோஸ் ஓடும் தனியார் கிளவுட் பணப்பறிப்பு வைரஸ் தாக்குதலில் விழுந்து வாரக்கணக்கில் எழவில்லை. பல மருத்துவமனைகள் முந்தைய சம்பளத்தைப் பார்த்து மதிப்பீட்டில் கூலி போட்டன, அப்புறம் கூட்டிக் கழித்துச் சரிசெய்தன. இயந்திரத்தை மட்டும் நம்பிய வி.எம்.எஸ்.ஸுக்கு அந்த வாரங்களில் ஒரு மணி நேரமும் வந்திருக்காது. கையால் போடும் டைம்ஷீட் வழி ஒன்றை அணைக்காமல் வைத்திருங்கள், வருடத்துக்கு ஒருமுறை ஓட்டியும் பாருங்கள்.

12 மார்ச், இரவு 11:40

பணத்துக்கு வருவோம். இதைப் பேசாமல் மற்றதெல்லாம் பேசி என்ன பயன்?

மருத்துவமனைக்கு வி.எம்.எஸ். 'இலவசம்' என்று விற்கப்படுவது வழக்கம். கட்டணம் ஏஜென்சியின் பில்லிலிருந்து பிடிக்கப்படுகிறது. கணக்குக்காக: மணிக்கு 80 டாலர் பில் ரேட் (மருத்துவமனை கொடுக்கும் விலை), 5 சதவீதம் கட்டணம் என்றால் ஏஜென்சி கையில் 76. நர்ஸின் கூலி, தங்குமிடப் படி, காப்பீடு, வரி எல்லாம் அந்த 76க்குள். பக்கத்து மருத்துவமனை 78 டாலர் போட்டு 2 சதவீதம் பிடித்தால் ஏஜென்சிக்கு 76.44. ரெக்கில் 80 பெரிதாகத் தெரியும், ரெக்ரூட்டர் 78ஐத்தான் எடுப்பார். 'நம் ரேட் சந்தையைவிட அதிகம், ஆனாலும் ஆள் வரவில்லை' என்று குழம்பும் நிர்வாகங்களுக்கு இந்தக் கழித்தல் கண்ணில் படுவதில்லை.

பணம் வரும் நாளும் இதே கதை. மருத்துவமனை எம்.எஸ்.பி.க்குக் கொடுத்த பிறகுதான் எம்.எஸ்.பி. ஏஜென்சிக்குக் கொடுக்கும் என்று ஒப்பந்தம் இருக்கும். சிறிய ஏஜென்சிக்கு அது கழுத்துப்பிடி. உங்கள் ஊர் நர்ஸ்களைப் பெயர் சொல்லி அறிந்த அந்தச் சிறிய ஏஜென்சிதான் முதலில் கழன்றுகொள்ளும்.

அடுத்து, மென்பொருள் யாருடையது. ஷிஃப்ட்வைஸ் என்ற வி.எம்.எஸ்.ஸை 2013இல் ஏ.எம்.என். வாங்கியது, மெடிஃபிஸ் 2015இல், பி4ஹெல்த் 2019இல். ஏ.எம்.என். நாட்டின் மிகப் பெரிய நர்ஸ் ஏஜென்சிகளில் ஒன்று. வேறு இரண்டு ஏஜென்சிகளுக்கும் சொந்த வி.எம்.எஸ். உண்டு: ஏயாவுக்கு லோட்டஸ்ஒன், கிராஸ் கன்ட்ரிக்கு இன்டெலிஃபை. கிராஸ் கன்ட்ரியை வாங்கப்போவதாக ஏயா 2024 டிசம்பரில் அறிவித்தது. மற்ற ஏஜென்சிகளின் விலை, ஆள், வேகம் எல்லாம் ஓடும் குழாய் ஒரு போட்டியாளரின் வீட்டு வழியாகப் போகிறது என்றால் மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். ஃபீல்ட்கிளாஸ், பீலைன் மாதிரிப் பொதுவான மென்பொருள்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஆனால் மருத்துவத்துக்கே உரிய கிரெடென்ஷியல் சிக்கல்களை அவற்றில் நாம்தான் கட்டியெழுப்ப வேண்டியிருக்கும்.

13 மார்ச், காலை 7:10

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்படியானால் ஏஜென்சி வைத்திருக்கும் வி.எம்.எஸ். எல்லாம் மோசமா?" என்று கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த மாதிரி ஒன்றில் நான் பார்த்த பதில் வேகம் பொதுவான மென்பொருள் எதிலும் பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தொழில் தெரியும், டெலிமெட்ரி என்றால் என்ன, ஸ்டெப்டவுன் (ஐசியூவுக்கும் பொது வார்டுக்கும் இடைப்பட்ட யூனிட்) என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது ஒரே உறுதி: ரெக் எல்லா ஏஜென்சிக்கும் ஒரே நொடியில் போகிறதா, வேண்டப்பட்டவருக்கு ஒரு நாள் முன்னதாகப் போகிறதா? முன்னதாகப் போனாலும் பரவாயில்லை, அதை எழுத்தில் சொல்லிவிட்டால் எல்லாரும் அதற்கேற்ப வேலை செய்வார்கள். கோபம் வருவது ஒளித்து வைக்கும்போதுதான். வெளியான நேரப் பதிவை வெண்டர் வாரியாகக் கேளுங்கள். தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

14 மார்ச், இரவு 9:20

ரேட் கார்டு, அதாவது ஒப்புக்கொண்ட விலைப்பட்டியல். வருடத்துக்கு ஒருமுறை பேசி முடித்த ரேட்டை வைத்துக்கொண்டு கொரோனா காலத்தை எதிர்கொண்டவர்கள் பட்ட பாடு தெரியும். ரேட் எகிறியதில், ஏஜென்சிகளின் விலையை விசாரிக்கும்படி 2022 ஜனவரியில் சுமார் 200 காங்கிரஸ் உறுப்பினர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அவசர ரேட் போட ஒரு வழியும், அது இந்தத் தேதியோடு முடியும் என்ற பூட்டும் மென்பொருளில் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் அவசர ரேட் நிரந்தர ரேட்டாகிவிடும்.

இன்னொன்று, ஓவர்டைம். 2021இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏ.எம்.என். சம்பந்தப்பட்ட கிளார்க் வழக்கில், வேலை செய்த மணிக்கேற்பக் குறையும் தினப்படி உண்மையில் கூலிதான், ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்றது. ஏஜென்சியின் ஓவர்டைம் செலவு அதனால் கூடியது. ரேட் கார்டில் ஓவர்டைம் பில் ரேட்டைப் பழைய சூத்திரத்திலேயே வைத்திருந்தால், கூடுதல் ஷிஃப்ட் கேட்கும்போது ஏஜென்சி ஏன் நழுவுகிறது என்று புரியாது.

17 மார்ச், இரவு 10:45

கான்சல். டிராவல் நர்ஸ்கள் அதிகம் புலம்புவது இதைத்தான், வி.எம்.எஸ். ரிப்போர்ட்டுகளில் அபூர்வமாகவே காண்பதும் இதைத்தான்.

வெண்டர் மதிப்பெண் அட்டை எல்லாரிடமும் இருக்கிறது: எத்தனை அனுப்பினார்கள், எத்தனை நிரம்பியது, எத்தனை பேர் பாதியில் போனார்கள். மறுபக்க அட்டை எங்கே? இந்த யூனிட் ஆஃபர் கொடுத்துவிட்டு எத்தனை முறை தொடங்குமுன் ரத்து செய்தது, எத்தனை ஷிஃப்டைச் சென்சஸ் காரணம் காட்டி வெட்டியது, இன்னொரு யூனிட்டுக்கு எத்தனை முறை ஃப்ளோட் செய்தது? எல்லாத் தகவலும் அதே மென்பொருளில்தான் இருக்கிறது, யாரும் அந்த ரிப்போர்ட்டை ஓட்டுவதில்லை. ஃப்ளோட் சின்ன விஷயம் இல்லை. கலிஃபோர்னியாவில் சட்டப்படி ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகள், டெலிமெட்ரியில் நாலு, பொது வார்டில் ஐந்து. ஐசியூ என்று நம்பி வந்தவரை டெலிமெட்ரிக்குத் தள்ளினால் அவர் வந்தது வேறு வேலைக்கு.

நான் நிறுவிய ஓர் இடத்தில் இந்த மறுபக்க அட்டையை மேனேஜர்களுக்கு மட்டும் காட்டினோம், வெண்டர்களுக்குக் காட்ட நிர்வாகம் சம்மதிக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. தன் யூனிட்டின் ரத்து எண்ணிக்கையைப் பக்கத்து யூனிட்டோடு சேர்த்துப் பார்த்த ஒரு மேனேஜர், ரெக் போடுமுன் அட்டவணையைச் சரிபார்க்க ஆரம்பித்தார். ரத்து குறைந்தது. நல்ல புரொஃபைல்கள் அந்த யூனிட்டுக்கு வர ஆரம்பித்தது கொஞ்சம் கழித்துத்தான், ரெக்ரூட்டர்களின் ஞாபகம் மெதுவாகத்தான் அழியும்.

20 மார்ச், காலை 6:50

உள் ஃப்ளோட் பூல் (தேவைப்படும் யூனிட்டுக்கு மாற்றி அனுப்பப்படும் சொந்த நர்ஸ்கள்), பெர் டியம் (தேவைப்படும் நாளில் மட்டும் வருபவர்கள்) ஊழியர்களையும் அதே மென்பொருளில் போடலாமா? போடுங்கள். வெளி ஆளைக் கூப்பிடுவதற்கு முன் உள் ஆளுக்கு அந்த ஷிஃப்ட் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே ரெக் போன பிறகு உள் ஆள் எடுத்துக்கொண்டால் ரெக் அந்த நொடியே மூட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி ரெக் உற்பத்தி செய்யும் புதுத் தொழிற்சாலை திறந்துவிட்டீர்கள்.

24 மார்ச், இரவு 11:05

டெமோவுக்குப் போகும் ஒருவர் என்ன கேட்கலாம் என்கிறார். அவர்கள் காட்டும் பாதையில் போகாதீர்கள், அது எல்லா மென்பொருளிலும் வழவழவென்றுதான் இருக்கும். நடுவாரத்தில் ஒரு நர்ஸின் ஒப்பந்தத்தை நாலு வாரம் நீட்டச் சொல்லுங்கள், புது ரேட்டில், புதன்கிழமை முதல். அந்த வார டைம்ஷீட் இரண்டு ரேட்டாகப் பிரிகிறதா, அல்லது வாரம் முழுக்கப் புது ரேட்டுக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். நீட்டிப்பில் கிரெடென்ஷியல் காலாவதி மறுபடி சோதிக்கப்படுகிறதா? பலவற்றில் இல்லை, 'ஏற்கெனவே உள்ளே இருப்பவர்தானே' என்று விட்டுவிடுகிறது. அப்புறம் வெண்டர் கணக்கில் நுழைந்து அதே காட்சியைக் காட்டச் சொல்லுங்கள். விற்பனை ஆட்களில் பாதிப் பேர் வெண்டர் திரையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

26 மார்ச், காலை 7:00

கடைசி நாள் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சேர்க்கிறேன். ஒப்பந்தம் முடிந்த தேதி வி.எம்.எஸ்.ஸில் இருக்கிறது. பேட்ஜ், மருந்து அலமாரி அனுமதி, எபிக் கணக்கு எல்லாம் ஐ.டி. பிரிவிடம் இருக்கிறது. நடுவே ஒரு மெயில், அதை அனுப்ப வேண்டியவர் விடுப்பில். முடிவுத் தேதி தானாக ஐ.டி.க்குப் போக வேண்டும், நீட்டித்தால் தானாகத் தள்ளிப்போகவும் வேண்டும். இரண்டாவது பாதியை மறந்த ஓர் இடத்தில், நீட்டிப்பு கிடைத்த நர்ஸ்கள் திங்கள் இரவு வந்து மருந்து அலமாரியைத் திறக்க முடியாமல் நின்றார்கள். சார்ஜ் நர்ஸ் விடியும்வரை ஒவ்வொரு மருந்தையும் தன் கையால் எடுத்துக்கொடுத்தார்.